தாய்மாமன் முகத்துக் கறுப்புக் கட்டம்

அதுல உக்காராதீங்க சார். இந்தா, ஸ்டூலு இருக்கு, இதுல உக்காருங்க. நாற்காலிக்கு ஒரு கேடும் இல்ல. சக்கரம் வச்சது, சாஞ்சா சாயும், சுத்துனா சுத்தும். நல்ல நாற்காலிதான். இருந்தாலும் நீங்க ஸ்டூல்ல உக்காருங்க. எனக்கு நின்னு பழக்கம்.

போட்டோ எடுத்தாச்சு. முகத்து நாடிய லேசா தூக்கிட்டீங்க, பரவாயில்ல. மாட்டு டாக்டரு நாடியத் தூக்கிட்டு இருந்தா மாடு ஒண்ணும் சொல்லப் போறதில்ல. இனிமே கம்ப்யூட்டர்ல ஏத்தி, பின்பக்கத்த வெள்ளையாக்கி, எட்டுக் காப்பி எடுக்கணும். கொஞ்ச நேரம் ஆகும். ஒண்ணரை மணியிலிருந்து ரெண்டரை மணி வரைக்கும் நான் மிஷினத் தொடுறதில்ல. அதுக்கும் ஓய்வு வேணும்ல. அது நம்ம கடையில ஒரு கொள்கை.

நீங்க ஊருக்குப் புதுசு. கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வாரம் இருக்குமா? அதான் என்னைத் தெரியல. எம் பேரு தங்கக்கனி. வாசல்ல கனி டிஜிட்டல்ஸ்னு போர்டு இருக்கே, அந்தக் கனி நாந்தான். இந்தப் பசுவந்தனையில எங்க பேனர் கட்டியிருந்தாலும் கீழ் ஓரத்துல எங்க கடைப் பேரு இருக்கும். சடங்கு, காதுகுத்து, கல்யாணம், சாவுத் துட்டி, எல்லாம் நம்ம கைதான். ஒரு மனுசன் பொறந்தநாளுக்குச் சிரிச்ச படத்தையே அஞ்சலிக்கும் போட்டுக் குடுத்திருக்கோம். பின்னாடி கலர மாத்துனாப் போதும். செத்தவரு சந்தோசமாப் போயிருக்காருன்னு சொந்தக்காரங்களும் நினைச்சுக்கிடுவாக.

சுவத்துல என்னத்தப் பாக்கீங்க? அந்த மீசைக்காரர் முகமா? வர்றவங்க எல்லாரும் கேப்பாக, உங்க அண்ணனான்னு. எனக்கு ஒரு உறவும் இல்ல. ஆவுடையப்பன்னு பேரு. கடம்பூர் ரோட்டுல கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு. ஆறடிப் பேனர்ல இருந்து வெட்டுன துண்டு அது. அந்த முகத்த வச்சு போன ஆவணியில நான் பட்ட பாடு இருக்கே, எந்தக் கடைக்காரனும் பட்டிருக்க மாட்டான். எல்லாத்துக்கும் இந்த மிஷின்தான் காரணம். எம் பேர்ல ஒரு தப்பும் கிடையாது. முழுசாக் கேளுங்க, நீங்களே சொல்லுவீங்க.

இங்க பேச்சியம்மாள்னு ஒரு பொம்பளப் பிள்ள வேல பாத்துச்சு. ஒம்பது வருசம். கம்ப்யூட்டர் வேல பூரா அது பாக்கும், நான் மேற்பார்வை. மேற்பார்வைன்னா லேசு இல்ல சார். அது மவுஸப் பிடிச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருக்கும். நான் பின்னால இந்த நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு"ம்பேன். பளிச்சுனு ஆக்குறத யாரு வேணாலும் செஞ்சிரலாம். பளிச்சுனு இருக்கணும்னு தோணுது பாருங்க, அதுதான் தொழில்.

ஆடி மாசம் ஒரு நாள் டீ குடிச்சிட்டு நாலு பேரோட உள்ள வாரேன். இது இந்த நாற்காலியில உக்காந்து வேல பாத்துக்கிட்டு இருக்கு. இடுப்பு வலியாம். நான் வேடிக்கைக்கு, "மொதலாளியம்மா கொஞ்சம் எந்திரிக்கீகளா, வேலைக்காரன் வந்திருக்கேன்"னேன். கூட வந்தவங்க சிரிச்சாக. வேடிக்கைன்னா சிரிக்கத்தான செய்வாக? அது எந்திரிச்சுச்சு. பாத்துக்கிட்டு இருந்த வேலைய முடிச்சுச்சு. சோத்து டப்பாவக் கழுவுச்சு. பைய எடுத்துச்சு.

"அண்ணாச்சி, நான் வாரேன். ஒண்ணே ஒண்ணு. மிஷின்ல புதுசாக் கார்டு மாட்டியிருக்கீங்க. அந்த டிக்க மட்டும் போட்டிராதீங்க. நம்ம மிஷினுக்கு அது ஒத்துக்காது."

அவ்வளவுதான். போயிருச்சு. ஒம்பது வருசத்துக்கு ஒரு வார்த்தை, அதுவும் டிக்கப் பத்தி.

கார்டுன்னா என்னன்னு கேப்பீங்க. படம் காட்டுறதுக்குன்னே தனியா ஒரு அட்டை. கோவில்பட்டியில வாங்கி மாட்டுனது. போட்டோ வேல பாக்குற மிஷினுக்குள்ள ஒரு பக்கம் வரும், அதுல ஒரு கட்டம் இருக்கும். டிக் போட்டா அந்தக் கார்டு வேல செய்யும், படம் சர்ருனு பெருசாகும், சர்ருனு சுருங்கும். டிக்க எடுத்துட்டா கார்டு சும்மா கிடக்கும். இந்தப் பிள்ள எடுத்தே வச்சிருந்திருக்கு. ஏசி வாங்கி மாட்டிட்டு எவனாவது சுவிட்சப் போடாம வேர்வையில உக்காந்திருப்பானா? அது போன அன்னைக்கே நான் டிக்கப் போட்டுட்டேன்.

எப்படிப் போட்டீங்கன்னு கேக்கலையே? இங்கிலீசு எனக்கு வாசிக்க வராதுன்னு இல்ல. கண்ணாடி வீட்டுல இருக்கும். அதனால நான் எல்லாம் எண்ணிக்கைதான். மேல் வரிசையில ரெண்டாவது வார்த்தை. அமுக்குனா நீளமாத் தொங்கும். அதுல அடியில இருந்து ரெண்டாவது. உள்ள போனா இடது பக்கம் எட்டாவது. ஒம்பது வருசமா பின்னால உக்காந்து எண்ணி வச்சது. வாசிக்கிறவனுக்குப் பேரு மறந்து போகும். எண்ணுறவனுக்கு மறக்காது.

அந்த நேரம் பாத்து சிமென்ட் கடை முத்துமாலை வந்தாரு. மகனுக்குக் காதுகுத்து, ஞாயித்துக்கெழம, கோயில் மண்டபத்துல. பேனர் வேணும். "அண்ணாச்சி, இது சாதாரணப் பேனர் இல்ல, என் சம்சாரத்தோட உசுரு"ன்னாரு.

விசயம் என்னன்னா, அவரு சம்சாரம் செண்பகவடிவுக்குக் கூடப்பொறந்தது ஒரே அண்ணன். இந்தா, சுவத்துல இருக்க ஆவுடையப்பன். அண்ணனும் தங்கச்சியும் ஆறு வருசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. சொத்துத் தகராறுன்னு நினைக்காதீங்க. முத்துமாலை வீடு பால்காய்ச்சுனப்போ கட்டுன பேனர்ல, ஆவுடையப்பன் முகம் ரெண்டாவது வரிசையில போயிருச்சு. மேல் வரிசையில மாப்பிள்ள வீட்டுச் சித்தப்பன் முகம், பெருசா. "கூடப்பொறந்தவன் அடியில, எவனோ மேலயா?"ன்னு பந்தியில இருந்து எந்திரிச்சுப் போனவருதான். அந்தப் பேனரும் நம்ம கடையில அடிச்சதுதான். அது வேற விசயம்.

இப்ப மகன் பொறந்து வருசம் ஒண்ணாச்சு. காது குத்தணும்னா தாய்மாமன் மடி வேணும். நாலு பேரு நடுவுல நின்னு பேசி, ஆவுடையப்பன் ஒருவழியாச் சரின்னுட்டாரு. ஒரே ஒரு நிபந்தனை. பேனர்ல அவரு முகம்தான் எல்லாத்துக்கும் மேல, எல்லாத்தையும் விடப் பெருசா. அடிக்கிறதுக்கு முன்னால மாதிரியப் பாத்து அவரு தலையாட்டணும். தலையாட்டுனா மடி உண்டு. இல்லைன்னா இல்ல.

புதன்கெழம காலையில படங்கள அடுக்குனேன். எல்லாரும் ஒழுங்கா இருந்தாக. ஆவுடையப்பன் முகத்தப் பிடிச்சுப் பெருசாக்குனேன். கறுப்பா ஒரு கட்டம் வந்து முகத்த மூடிருச்சு. சுருக்குனேன், முகம் வந்துச்சு. பெருசாக்குனேன், கட்டம். மத்தவங்க யாருக்கும் இல்ல, இந்த மனுசனுக்கு மட்டும். சரி, ஒரு இடத்துல நிறுத்துவோம்னு லேசா சுருக்கி வச்சு, வழக்கம்போல செல்போன எடுத்துத் திரைய ஒரு போட்டோ பிடிச்சேன். மாதிரி அனுப்புறது அப்பிடித்தான். மிஷினுக்குள்ள இருந்தே அனுப்பலாம்னு சொல்லுதாக. கண்ணு முன்னால இருக்கதப் போட்டோ பிடிக்க, போட்டோக்கடைக்காரனுக்கு அடுத்தவன் சொல்லித் தரணுமா?

போன்ல பாத்தப்போ முகத்து நடுவுல கறுப்பா என்னமோ தெரிஞ்சுச்சு. மீசைன்னு நினைச்சேன். நீங்களே பாருங்க, அந்த மீசையப் பாத்தா அப்பிடி நினைக்கத் தோணுமா தோணாதா? முத்துமாலைக்கு அனுப்பிட்டேன். அவரும் பாக்காம, குடும்பத்து வாட்சப் குரூப்ல போட்டுட்டாரு. அதுல எம்பத்தி மூணு பேரு.

கால் மணி நேரத்துல முத்துமாலை போன். "என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டீங்க? மச்சான் முகத்துல தார் பூசியிருக்குன்னு எல்லாரும் கேக்காக. மச்சான் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்காரு."

"ஒண்ணும் இல்ல, அது வெளிச்சக் கோளாறு. சாயங்காலம் வேற அனுப்புதேன்"னேன்.

சாயங்காலம் மறுபடி திறந்தேன். நடுவுல ரைஸ்மில் கந்தையா தவறிப் போயி அவருக்கு ஒரு அஞ்சலி போஸ்டர் பாத்துக்கிட்டு இருந்தேன். அத மூடிட்டு இதத் திறந்தா, கறுப்புக் கட்டம் இல்ல! எனக்கு நிம்மதின்னா அப்பிடி ஒரு நிம்மதி. ஆவுடையப்பன் முகம் இருக்க எடத்துல குத்துவிளக்கு ஒண்ணு எரியுது, ஓரத்துல ரோஜாமாலை. மிஷினாப் பாத்து மங்களமா ஒண்ணு காட்டுதுன்னு நினைச்சேன். காதுகுத்து வீட்டுக்கு விளக்கு நல்லதுதான சார்? மாமன் முகத்துல விளக்கெரிஞ்சா இன்னும் நல்லதுதான? போட்டோ பிடிச்சு அனுப்பிட்டேன்.

விளக்குக்குக் கீழ ரெண்டு வார்த்தை இருந்திருக்கு. தோற்றம், மறைவுன்னு. சின்ன எழுத்து. கண்ணாடி வீட்டுல இருந்துச்சு.

போஸ்டர மூடுனாலும் அதுல ஒரு துண்டு திரையில ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு. அது எனக்கு எப்பிடித் தெரியும்? குரூப்ல எம்பத்தி மூணு பேரும் பாத்துட்டாக. மதுரையில இருக்க ஒரு பெரியப்பா ஆழ்ந்த இரங்கல்னு போட்டுட்டாரு. ரெண்டு பேரு பஸ்ஸே ஏறிட்டாக. ஆவுடையப்பன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாரு. "ஆறு வருசம் பேசாம இருந்தா. பேச ஆரம்பிச்ச வாரத்துல கொன்னுட்டா. நான் வரல."

மறுநாள் வியாழக்கெழம காலையில செண்பகவடிவு கடைக்கு வந்துச்சு, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு. சத்தம் போடும்னு பாத்தேன். போடல. நீங்க உக்காந்திருக்க ஸ்டூல்லதான் உக்காந்துச்சு. பய மவுஸ் ஒயரப் பிடிச்சு வாயில வைக்கான்.

"அண்ணாச்சி, நான் வேணும்னு செஞ்சேன்னு நினைக்காரு எங்கண்ணன். போன எடுக்க மாட்டேங்காரு. நான் நேர்ல போனேன். காயில் சுத்திக்கிட்டே, 'செத்தவன் பேச மாட்டான்'ங்காரு."

"அழாத தாயி. மிஷின் கோளாறு. எங்கையில விடு."

"உங்க கையில விட்டுத்தான் அண்ணாச்சி ஆறு வருசம் போச்சு. இப்ப இந்தப் பய காத எவன் மடியில வச்சுக் குத்துறது? மாமன் உள்ளூர்ல உசுரோட இருக்கும்போது வேற ஆளு மடியிலயா?"

பய வாயிலிருந்து ஒயரப் பிடுங்குச்சு. பயலத் தூக்கிட்டுப் போயிருச்சு. எனக்கு மனசு என்னமோ பண்ணுச்சு சார். நமக்கு அவங்க வீட்டு விசயத்துல என்ன இருக்கு? பேனர் அடிக்கிறவன்தான நான். இருந்தாலும் பண்ணுச்சு.

அன்னைக்குப் பூரா வைத்தியம். யூபிஎஸ்காரரு வந்து எர்த் சரியில்லைன்னு பின்னால தொட்டிய நோண்டி, உப்பும் கரியும் போட்டு, ஒரு குடம் தண்ணி ஊத்துனாரு. கட்டம் போகல. டைப்ரைட்டிங் வாத்தியாரு ஒருத்தரு வந்து, கார்டக் கழட்டி அதோட பல்லப் பென்சில் ரப்பர வச்சு அழிச்சு மாட்டணும்னாரு. அழிச்சு மாட்டுனோம். முன்ன ஒரு கட்டம், இப்ப ரெண்டு. முத்துமாலை வந்து, திரை தெக்க பாத்து இருக்கு, அது எமன் திசை, அதான் விளக்கு வந்துருச்சுன்னு நாலு பேர வச்சு மேசையத் திருப்பிட்டாரு. அதுக்கப்புறம் வாசல்ல நிக்கிறவங்களுக்குத்தான் திரை தெரியுது, எனக்கு மிஷின் முதுகு தெரியுது. ஒருத்தரு எலுமிச்சம்பழம் வச்சாரு. அத மட்டும் நான் எடுக்கல. பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

டிக்க எடுத்துப் பாக்கலையான்னு கேப்பீங்க. எனக்கு ஞாபகம் இல்லாம இல்ல. நீங்க ஒண்ணு யோசிக்கணும். அது சொல்லிட்டுப் போன டிக்க நான் எடுத்து, அதால கோளாறு சரியாயிருச்சுன்னா, அது சொன்னது சரின்னு ஆயிரும்ல? அதனால மத்த வழியெல்லாம் பாத்துட்டுக் கடைசியில எடுக்கலாம்னு இருந்தேன்.

கடைசியில எடுக்கத்தான் போனேன். ரெண்டாவது வார்த்தை. அடியில இருந்து ரெண்டாவது. எட்டாவது. எண்ணி அமுக்குனா வேற எதோ பக்கம். ராத்திரி மிஷினு தானாப் புதுசாகிக்கிட்டு எல்லாத்தையும் ஒரு வரி தள்ளி வச்சிருச்சாம், பின்னாலதான் தெரிஞ்சுது. எண்ணிக்கைய மாத்துனா மனுசன் என்ன செய்வான்? நான் எதையோ தொட்டேன். இடது பக்கம் இருந்த சாமான் பூரா மறைஞ்சு போச்சு. கத்தரி, பிரஷ்சு, ரப்பரு, ஒண்ணும் இல்ல. களவு போன வீடு மாதிரி இருக்கு திரை.

வெள்ளிக்கெழம காலையில கருப்பட்டி வாங்கலாம்னு மேலத் தெருப் பக்கம் போனேன். கருப்பட்டி நம்ம கடைக்கு எதுக்கவே கிடைக்கும், இருந்தாலும் அங்க நல்லா இருக்கும்னு சொல்லுவாக. போற வழியில பேச்சி வீடு. வாசல்ல தையல் மிஷினப் போட்டு ரெடிமேட் சட்டைக்குக் காலர் தச்சுக்கிட்டு இருந்துச்சு.

"வாங்க அண்ணாச்சி. கட்டம் வருதாக்கும்?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ஆவுடையப்பண்ணன் முகத்துல விளக்கெரிஞ்சத ஊரே பாத்துச்சே. டிக்கப் போட்டீங்களா?"

"அது தானா விழுந்திருக்கும்."

பேச்சி நூலப் பல்லால கடிச்சுச்சு. அப்புறம், "கோளாறு திரையிலதான் அண்ணாச்சி, படத்துல இல்ல. நீங்க பாட்டுக்கு அடிச்சிருந்தா முகம் முகமாத்தான் வந்திருக்கும். திரையப் போட்டோ பிடிச்சு அனுப்பாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்"னுச்சு.

எனக்கு எர்த்துத் தொட்டி, ரப்பரு, எமன் திசை எல்லாம் ஒரு சுத்து வந்துட்டுப் போச்சு கண்ணு முன்னால. "அப்ப வந்து ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக் குடேன். சாமானெல்லாம் காணாமப் போச்சு பிள்ள. செண்பகவடிவு அழுதுட்டுப் போகுது"ன்னேன்.

"வந்தா எங்க உக்காரணும்?"

"எங்க உக்காருவ? கம்ப்யூட்டருக்கு முன்னாலதான்."

"எதுலன்னு கேட்டேன்."

நான் கருப்பட்டி வாங்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாங்க மறந்துட்டேன்.

மதியம் பாத்தா இந்த நாற்காலியில சக்கரம் கிர்ரு கிர்ருங்குது. எண்ணெய் விடணும். மேலத் தெருவுல ஒரு சைக்கிள் கடை உண்டு. சரி, கொண்டு போவோம்னு தள்ளிக்கிட்டுக் கிளம்புனேன். பஸ் ஸ்டாண்டு ரோடு, அதுக்கப்புறம் சிமென்ட் தெரு. கடகடகடன்னு சத்தம். டீக்கடையில இருந்து ஒருத்தன், "அண்ணாச்சி, கடையக் காலி பண்ணுதீங்களா?"ங்கான். இன்னொருத்தன், "இல்லடே, நாற்காலியக் காத்தாட நடக்கக் கூட்டிட்டுப் போறாரு"ங்கான். நாய் ரெண்டு பின்னாலயே வருது. பதவி போகப் போற கட்சிக்காரன் மாதிரி நாற்காலியப் பிடிச்சுக்கிட்டே போறேன். அங்க போனா சைக்கிள் கடை பூட்டியிருக்கு. அது நாலு வருசமாப் பூட்டித்தான் இருக்கு. எனக்கு மறந்து போச்சு.

பேச்சி வீட்டு வாசல்ல நிறுத்துனேன். மன்னிப்பெல்லாம் நான் கேக்கல சார். நாற்காலி நின்னுச்சு, நானும் நின்னேன். தெருவுல பொம்பளைக எல்லாம் வேடிக்கை பாக்காக. பேச்சி தையல நிறுத்திட்டு வந்துச்சு. நாற்காலியப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. உக்காந்துச்சு. ஒரு சுத்து சுத்துச்சு.

"இடது பக்கம் லேசா சாயுது அண்ணாச்சி."

"சரி பண்ணிரலாம்."

"அப்ப ஸ்டூலு?"

"ஸ்டூல நான் எடுத்துக்கிடுதேன். முதுகுக்கு ஸ்டூலுதான் நல்லதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு?"

"ஒரு டாக்டரு."

திரும்பி வரும்போது நான் நாற்காலியத் தள்ளுதேன், அது பின்னால நடந்து வருது. உக்காரு, அப்பிடியே தள்ளிட்டுப் போறேன்னுகூடச் சொன்னேன். வேடிக்கைக்குத்தான். அந்தத் தடவ அதுவும் சிரிச்சுச்சு.

கடைக்கு வந்து, மொதல்ல மேசையத் திருப்பிப் போடச் சொல்லுச்சு. எலுமிச்சம்பழத்த எடுத்து என் கையில குடுத்துச்சு. உக்காந்துச்சு. எண்ணவே இல்ல சார், வாசிச்சு வாசிச்சு அமுக்குது. ஒரு பக்கம் வந்துச்சு, ஒரு கட்டம், டிக்க எடுத்துச்சு. மூடித் திறந்துச்சு. இன்னொன்ன அமுக்குச்சு, போன சாமானெல்லாம் வந்து வரிசையா உக்காந்துருச்சு. ஆவுடையப்பன் முகத்தப் பெருசாக்குச்சு. மீசை. மூக்கு. முழு ஆளு. ரெண்டு நிமிசம்கூட ஆகல. நான் பின்னால நின்னு மேற்பார்வை பாத்தேன்.

"அனுப்பிருவமா?"ன்னு செல்போன எடுத்தேன்.

"அத உள்ள வைங்க. அவரு இனிமே போன்ல எதப் பாத்தாலும் நம்ப மாட்டாரு. அடிச்சுக் கொண்டு போயி அவரு கடைக்கு எதுக்கவே கட்டுங்க. ஆறடியில அவரு முகத்த அவரே பாக்கட்டும்."

சனிக்கெழம காலையில நானும் முத்துமாலையும் போயி, ஆவுடையப்பன் கடைக்கு எதுக்க வேப்பமரத்துக்கும் போஸ்டுக்கும் நடுவுல கட்டுனோம். செண்பகவடிவு பயலத் தூக்கிக்கிட்டு மரத்துக்குப் பின்னால நிக்குது. முன்னால வரப் பயம். மனுசன் உள்ள காயில் சுத்திக்கிட்டு இருந்தாரு. ஆளுக கூடுற சத்தம் கேட்டு, கையில செம்புக் கம்பியோட வெளிய வந்தாரு. நிமிந்து பாத்தாரு.

பாத்துக்கிட்டே நின்னாரு. நான் ஏணியில இருந்து இறங்கல. அடி விழுந்தா அங்க விழாதுன்னு ஒரு கணக்கு.

கம்பிய மேல நீட்டி, "மீசை லேசா வெளுத்திருக்கே"ன்னாரு.

மரத்துக்குப் பின்னால இருந்து சத்தம் வருது. "கறுத்தாலும் சண்டை, வெளுத்தாலும் சண்டையாண்ணே?"

அவரு திரும்பல. பேனரையே பாத்துக்கிட்டு, "பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?"ன்னாரு. ஆறு வருசத்துல தங்கச்சிகிட்ட கோவமில்லாம வந்த மொத வார்த்தை அது. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. மாதிரியிலயும் ரெண்டு தடவ வந்துச்சு. அவரு எங்க பாத்தாரு? தன் முகத்தத்தான பாத்திருப்பாரு.

"மேல பெருசாப் போட்டிருக்கே, வாசிண்ணே"ன்னுச்சு அது.

செல்வன் சங்கரபாண்டி. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் அப்பா பேரு. ஆவுடையப்பன் வாயத் திறந்தாரு, "ச"ன்னாரு, அதுக்கு மேல வாசிக்க முடியல அந்த ஆளால. கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்காரு. பாவம், அவரும் கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு போல.

ஞாயித்துக்கெழம மண்டபத்துல மொத ஆளா வந்து பட்டுத் துண்டோட சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. பயல மடியில வச்சாக. ஊசியப் பாத்ததும் பய மாமன் மீசைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான், காது குத்தி முடிக்கிற வரைக்கும் விடல. ரெண்டு பேரு கண்ணுலயும் தண்ணி. அவனுக்கு ஊசி, இவருக்கு மீசை. அப்பிடித்தான் இருக்கும். மறுநாள் கடைக்கே வந்து, மீசையக் கறுப்பாக்கி இன்னொரு பேனர் அடிச்சு வாங்கிட்டுப் போனாரு. கடையில மாட்டி வச்சிருக்காரு. வெளுத்த மீசைதான் இந்தத் துண்டு. கிழிச்சு எறிய மனசு வரல.

இப்ப சொல்லுங்க, இதுல எம் பேர்ல தப்பு உண்டா? மிஷின் வாங்குனா மிஷின் பண்ணுறதுக்கெல்லாம் நானா பொறுப்பு? கடைசியில யாரு சரி பண்ணுனது? ஆளக் கூட்டிட்டு வந்தது யாரு? நாற்காலியத் தள்ளுனது யாரு?

என்ன சார், மணியப் பாக்கீங்க? ரெண்டரை ஆயிருச்சா? அப்ப மிஷினுக்கு ஓய்வு முடிஞ்சுது. இந்தா, வந்துட்டாகளே. வா பேச்சி, சாப்பிட்டியா? இவரு நம்ம மாட்டு ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருக்க டாக்டரு. பாஸ்போர்ட் சைசு, எட்டு. நாடி லேசா தூக்கியிருக்கு, இறக்கிரு.

இல்ல இல்ல, உன் நாற்காலியில யாரும் உக்காரல. நான் விடுவனா?